பைக் சீட் கிழிந்தால்: ஒட்டு, மறு உறை, புது சீட்

மோட்டார் சைக்கிள் சீட்டில் கிழிசல் விழுந்தால் கண்ணில் படுவது அழகுக் கேடு. செலவு வைப்பதோ தண்ணீர். ரெக்சினில் விரல்நகம் அளவுக்குத் திறப்பு இருந்தால் போதும், ஒரே இரவு மழையில் உள்ளிருக்கும் ஃபோம் ஊறிவிடும். காலையில் மேலே துடைத்தால் காய்ந்தது போலத் தெரியும். உட்கார்ந்ததும் அழுத்தத்தில் நீர் மேலே ஏறி உடையை நனைக்கும். இப்படிப் பலமுறை ஊறிய ஃபோமில் பூஞ்சை பிடிக்கும், வாடை அடிக்கும், நாளாக அது நொறுங்கும். தகர அடித்தட்டு உள்ள பழைய வண்டிகளில் துருவும் சேரும். எனவே ஒட்டுப் போடுவதோ, உறை மாற்றுவதோ, புது சீட் வாங்குவதோ எதுவானாலும், அது தண்ணீரை வெளியே நிறுத்துகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அழகு அதற்கு அடுத்தது.

சீட்டின் அமைப்பு

சீட்டில் மூன்று பகுதிகள் உண்டு. அடியில் இருப்பது பேஸ் எனப்படும் அடித்தட்டு. இன்றைய வண்டிகளில் இது பிளாஸ்டிக்; பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் போன்றவற்றில் தகரம். அதன்மேல் பாலியூரித்தேன் ஃபோம் உட்கார்ந்திருக்கும். கம்பெனி ஃபோம் அச்சில் வார்த்து எடுக்கப்படுவதால் அதன் மேற்பரப்பில் மெல்லிய தோல் போன்ற படலம் இருக்கும். கடையில் தகடாக வாங்கி அறுக்கும் ஃபோமில் அது கிடையாது, ஆகவே அது நீரை வேகமாகக் குடிக்கும். மூன்றாவது மேலுறை. ரெக்சின் என்று சொல்லப்படும் இது, பின்னல் துணியின்மேல் பி.வி.சி. பூசிய பொருள். உறையின் விளிம்பு அடித்தட்டின் ஓரத்தைச் சுற்றி இழுக்கப்பட்டு, பிளாஸ்டிக் தட்டாக இருந்தால் ஸ்டேப்ளர் பின்னாலும், தகரமாக இருந்தால் தட்டிலேயே வெட்டி நிமிர்த்திய பற்களாலும் பிடிக்கப்பட்டிருக்கும். சில சீட்டுகளில் ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளும் போடப்பட்டிருக்கும். பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடும் பகுதி இதுதான். எறியக் கூடாத பகுதியும் இதுதான்.

கிழிவதற்கான காரணங்கள்

பி.வி.சி. தன்னியல்பில் விறைப்பானது. அதை வளையும்படி வைத்திருப்பவை அதில் கலக்கப்படும் இளக்கும் எண்ணெய்கள். வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியின் சீட்டிலிருந்து இந்த எண்ணெய்கள் மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. அதன்பின் ரெக்சின் விறைத்து, உட்காரும்போது வளையும் இடங்களில் வெடிக்கிறது. டேங்க் நிரம்பி வழியும் பெட்ரோலும் இதையே செய்கிறது. சீட்டின் முன்முனை முதலில் கெடுவதற்கு அது ஒரு காரணம்.

தையல் ஓரம் இன்னொரு பலவீனமான இடம். ஊசி போன ஒவ்வொரு துளையும் ரெக்சினை அறுத்தே போயிருக்கிறது. பொடித் தையலாக நெருக்கிப் போட்டால், தபால்தலைத் தாளின் துளைவரிசையைப் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். பின்பாக்கெட்டிலுள்ள சாவி, ஜீன்ஸ் பித்தளைக் குமிழ், மூட்டை கட்டும் கயிற்றின் கொக்கி, பூனை நகம், எலிப் பல் ஆகியவை மற்ற காரணங்கள். தெருவில் நிறுத்திய வண்டியை யாரோ பிளேடால் கீறிவிட்டுப் போவதும் உண்டு. அப்படிப்பட்ட கீறல் நேராக, விளிம்பு சுத்தமாக இருக்கும். பழுது பார்ப்பதற்கு அதுதான் எளிது.

கிழிசலைப் படித்தல்

எந்த வேலை தேவை என்பதை முடிவு செய்ய, கிழிசலுக்கு அருகில் உள்ள நல்ல ரெக்சினை இரு விரலால் கிள்ளி மடித்துப் பார்க்க வேண்டும். மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் உறை முழுவதுமே ஆயுள் முடிந்தது. அதில் ஒட்டுப் போட்டால், ஒட்டு நிற்கும். அதன் ஓரத்தில் அடுத்த மாதம் புதிதாகக் கிழியும். ரெக்சின் இன்னும் மென்மையாக இருந்து, கிழிசல் மட்டும் தனியாக இருந்தால் ஒட்டுவது பயனுள்ளது.

தையல் விட்டுப்போன இடத்தில், நூல் அறுந்ததா அல்லது துளை பிய்ந்ததா என்று பார்க்க வேண்டும். நூல் மட்டும் அறுந்திருந்தால் அதிர்ஷ்டம். வளைந்த ஊசியும் தடித்த பாலியஸ்டர் நூலும் இருந்தால், உறையைக் கழற்றாமலே பழைய துளைகளின் வழியாகக் கையால் தைத்துவிடலாம். துளை பிய்ந்திருந்தால் அந்தத் துண்டையாவது மாற்றியாக வேண்டும். விளிம்பில் ஸ்டேப்ளர் பின்னுக்கு அருகே கிழிந்திருந்தால், உள்ளே மடித்து விடப்பட்ட ரெக்சின் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்து, சற்று இழுத்துப் புது பின் அடித்தாலே போதும்.

தற்காலிகத் தடுப்பு

கிழிந்த அன்றே கடைக்குப் போக முடியாதபோது துணி டேப் ஒட்டுவது வழக்கம். இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஈரம் உள்ளே இருக்கும்போது டேப் ஒட்டினால் அந்த ஈரம் உள்ளேயே அடைபடும். வெயிலில் டேப்பின் பசை உருகி ரெக்சினில் அப்பிக்கொள்ளும். பிறகு ஒட்டுப் போட வேண்டிய இடம் முழுக்கப் பிசுபிசுக்கும். நிறுத்தி வைக்கும்போது மட்டும் பாலித்தீன் பை போட்டு மூடி, ஓட்டும்போது எடுத்துவிடுவது இதைவிட மேல்.

சிறு கிழிசலுக்கு ஒட்டு

ஃபோம் முழுவதும் காய்ந்த பிறகே தொடங்க வேண்டும். கிழிசலைச் சுற்றியுள்ள பகுதியைச் சோப்பு நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பசையும் சீட் பாலிஷும் போகும். ஒட்டை மேலே வைப்பதைவிட உள்ளே வைப்பதே சரி. கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரியதாக, மூலைகளை வட்டமாக்கி, கெட்டித் துணி அல்லது மெல்லிய ரெக்சின் துண்டு ஒன்றை வெட்ட வேண்டும். அதைக் குறட்டால் பிடித்து, கிழிசல் வழியாக உறைக்கும் ஃபோமுக்கும் இடையில் தள்ளி விரித்துவிட வேண்டும்.

பசையாக, குஷன் கடைகளில் பயன்படுத்தும் செயற்கை ரப்பர் பசை (ஃபெவிகால் எஸ்.ஆர். வகை) ஏற்றது. அதை இரு பக்கமும் மெல்லப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை 10 முதல் 15 நிமிடம் காற்றாட விட்டு, பிறகு அழுத்த வேண்டும். பூசியதும் ஈரத்தோடு அமுக்கினால் கரைப்பான் உள்ளே சிக்கி, ஒட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பசை ரெக்சினின் அடித்துணியை நன்றாகப் பிடிக்கும். பி.வி.சி. மேற்பரப்பில் பூசினால், இளக்கும் எண்ணெய் பசைக்குள் இறங்கி நாளடைவில் அதை இளக்கிவிடும். ஒட்டு உள்ளிருந்து வர வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம். கிழிசலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்து, மேலே எடை வைத்து ஓர் இரவு விட வேண்டும். இடையில் தெரியும் கோட்டை, வளையும் தன்மையுள்ள வினைல் பசையால் நிரப்பினால் நீர் இறங்காது.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இந்த வேலைக்கு ஆகாது. அது கண்ணாடி போல் விறைத்து, அதன் ஓரத்திலேயே ரெக்சினை வெட்டும். பி.வி.சி. குழாய்க்குப் போடும் சொல்யூஷனும் அப்படித்தான், பெயரில் பி.வி.சி. இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

உட்காரும் இடத்தின் நடுவே உள்ளங்கை நீளத்துக்கு மேல் கிழிந்திருந்தால் ஒட்டு தாங்காது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அந்த இடம் நான்கு பக்கமும் இழுபடும். நேரத்தை வீணாக்காமல் உறை மாற்றுவதே முறை.

மேலே மாட்டும் ரெடிமேட் உறை

எலாஸ்டிக் அல்லது நாடா வைத்த உறைகள் மலிவானவை, ஐந்து நிமிட வேலை. ஆனால் தையல் ஓட்டைகள் வழியாக இறங்கும் நீர், அடியில் உள்ள கிழிந்த உறைக்கும் இதற்கும் இடையே தேங்கும். வெயில் அடித்தாலும் காயாது. பிடிப்புச் சரியில்லாவிட்டால் வண்டி வளையும்போது உறை பக்கவாட்டில் நகரும். கிழியாத சீட்டை வெயிலிலிருந்து காக்க இது உதவும். கிழிந்த சீட்டை மறைக்கத்தான் உதவும், காப்பாற்ற உதவாது.

உறை மாற்றுதல்

பக்கத்துப் பூட்டைத் திறந்தோ, சைட் பேனலுக்குப் பின்னால் உள்ள போல்ட்டுகளைக் கழற்றியோ சீட்டை எடுக்க வேண்டும். ஸ்கூட்டரில் முன்பக்கக் கீலின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் அடிப்பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது: எந்த ரப்பர் புஷ் எங்கே இருந்தது, உறையின் மடிப்பு மூலையில் எப்படிப் போனது என்பதெல்லாம் திரும்ப மாட்டும்போது மறந்துபோகும்.

பழைய பின்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, குறட்டால் இழுக்க வேண்டும். பின்கள் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. தகரத் தட்டின் பற்களை ஒருமுறைதான் முழுதாக நிமிர்த்த முடியும், மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடியும். உறை வெளிவரும் அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். துருப்பிடித்த தட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் புது உறையின் விளிம்பை அந்தத் துருவே அரிக்கும்.

உறையைக் கழற்றியதும் ஃபோமைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் பழைய துண்டைப் போட்டு அழுத்தி நீரை உறிஞ்சி, காற்றோட்டமான நிழலில் பல நாட்கள் வைக்க வேண்டும். அவசரப்பட்டு நேர் வெயிலில் நாள்கணக்கில் போட்டால் ஃபோம் மஞ்சளாகி, மேற்பரப்பு பொடியாக உதிரும். பிய்ந்துபோன இடத்தைச் சதுரமாக அறுத்தெடுத்து, அதே அளவுத் துண்டை ஒட்டி, பெரும்பரல் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்தலாம். பல் வைத்த ரொட்டிக் கத்தி ஃபோமை அறுக்க மிகவும் ஏற்றது.

அமுங்கிப்போன ஃபோமுக்கு மேலே புது அடுக்கு சேர்க்கும்போது கடைக்காரர் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார். அது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். எடை கூடினால் உழைப்பு கூடும். கடினமும் கூடியே ஆக வேண்டும் என்றில்லை. எனவே எண்ணைக் கேட்டபின் கையால் அழுத்தியும் பார்க்க வேண்டும். துண்டு ஃபோம்களை நசுக்கி ஒட்டிய ரீபாண்டட் ஃபோம் கெட்டியானது. நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு மென்மையான ஃபோமைவிட அதில் வலி குறைவு. மென்மையான ஃபோம் அமுங்கி, உட்காரும் எலும்பு அடித்தட்டில் இடிப்பதால்தான் வலி வருகிறது. சீட்டை 2 செ.மீ. உயர்த்தினாலே குட்டையானவருக்குச் சிக்னலில் பாதம் முழுதாகத் தரையில் பதியாது. ஒட்டுவதற்கு முன் ஃபோமை வண்டியில் வைத்து உட்கார்ந்து பார்ப்பது அவசியம்.

இனி உறை. அந்த மாடலுக்கென்றே தைத்த உறை கடையில் கிடைத்தால் அதை வாங்கிவிடலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இதற்குப் பெயர் பெற்ற இடங்கள். கிடைக்காவிட்டால் பழைய உறையின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தட்டையாக விரித்து, புது ரெக்சினின் பின்புறத்தில் வரைந்து வெட்ட வேண்டும். பிரிப்பதற்கு முன், சேரும் இரு துண்டுகளுக்கும் குறுக்கே பேனாவால் கோடுகள் போட்டுக்கொண்டால் மறுபடி தைக்கும்போது எது எதனோடு சேரும் என்பது குழம்பாது. பழைய துண்டு பல ஆண்டு இழுபட்டு நீண்டிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதை அப்படியே வரைந்தால் புது உறை தொளதொளப்பாக வரும், நடுவில் சுருக்கம் விழும்.

தையலுக்கு 1 செ.மீ. விளிம்பு விட்டு, கனமான துணி தைக்கும் மெஷினில் 18-ஆம் எண் ஊசியும் பாலியஸ்டர் அல்லது நைலான் நூலும் கொண்டு, ஒரு தையலுக்கு 4 முதல் 5 மி.மீ. நீளம் வைத்துத் தைக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். வீட்டுத் தையல் மெஷின் இரண்டு மடிப்பு ரெக்சினைச் சமாளித்தாலும், நான்கு மடிப்பு சேரும் மூலையில் ஊசியை ஒடிக்கும். தைத்தபின் உள்பக்கமாகத் தையலின் நீளத்துக்கு ஒரு பட்டை துணியைப் பசை போட்டு ஒட்டினால் ஊசித் துளைகள் அடைபடும். கடைகளில் இதைக் கேட்டால்தான் செய்வார்கள். முன்பிருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தால், ஃபோமின்மேல் புதிதாக ஒன்றைப் போட வேண்டிய இடமும் இதுதான்.

இழுத்துப் பின் அடிப்பதில்தான் வேலையின் தரம் தெரியும். உறையை அரை மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்தாலோ ஹேர் டிரையரால் சூடு காட்டினாலோ பி.வி.சி. இளகி நன்றாக இழுபடும். முதலில் முன்முனையின் நடுவில் இரண்டு பின், பிறகு பின்முனையின் நடுவில் இரண்டு பின், அடுத்து இரு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொன்று. அங்கிருந்து மூலைகளை நோக்கி, இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் தையல் கோணலாகும். நேர்ப்பகுதியில் பின்களுக்கு இடையே 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி போதும், வளைவில் பாதியாக நெருக்க வேண்டும். மூலையில் மிஞ்சும் ரெக்சினைச் சிறுசிறு மடிப்புகளாகப் பங்கிட வேண்டும். ஒரே பெரிய மடிப்பாக அமுக்கினால் அது வெளியே துருத்தும்.

பின்னின் கால் நீளம் 6 மி.மீ. போதும். நீளமான பின் தட்டைத் துளைத்து ஃபோமுக்குள் முனை நீட்டும். துருப்பிடிக்காத எஃகுப் பின் கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். சாதாரணப் பின் இரண்டு மழைக்காலத்தில் துருவேறி அறுந்துவிடக்கூடும். கையால் அமுக்கும் ஸ்டேப்ளர் கன், கெட்டியான பிளாஸ்டிக்கில் எகிறும். தட்டின் கீழே மரக்கட்டை கொடுத்து, கன்னின் தலையை மற்றொரு கையால் அழுத்திப் பிடித்தால் பின் இறங்கும். காற்றழுத்த கன் உள்ள கடையில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து வாங்குவதும் புத்திசாலித்தனம்தான்.

கடையில் கொடுக்கும்போது

பெரும்பாலானோர் சீட்டைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்குவதே நடைமுறை. கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பேசிக்கொள்ள வேண்டும்: ரெக்சினின் மாதிரித் துண்டைக் கிள்ளிப் பார்த்துத் தேர்வு செய்வது, பழைய உறையை அகற்றிவிட்டே புதிது போடுவது, உட்காரும் பகுதியில் மேல்தையல் டிசைன் வேண்டாம் என்பது, பின்னாலிருப்பவர் பிடிக்கும் வாரைத் திரும்பப் போடுவது. பழைய உறையின்மேலேயே புதிதை இழுத்து மூடினால் கடைக்காரருக்கு வேலை மிச்சம், ஈரமும் வாடையும் வாடிக்கையாளருக்கு. டைமண்ட் தையல் பார்க்க அழகு; ஆனால் நூற்றுக்கணக்கான ஊசித் துளைகள் சரியாக மழை விழும் இடத்தில் அமைகின்றன. வார் அலங்காரப் பொருள் அல்ல. பக்கவாட்டிலோ ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னாலோ நிரந்தரக் கைப்பிடி இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. வேறு கைப்பிடி இல்லாத வண்டியில் வாரை எடுத்துவிட்டால் அந்த விதி மீறப்படுகிறது.

புது சீட் வாங்க வேண்டிய நிலை

அடித்தட்டு பிளந்திருந்தாலோ, டேங்கின் கீழே நுழையும் முன்நாக்கு ஒடிந்திருந்தாலோ, பூட்டுக் கொக்கி பிடுங்கப்பட்டிருந்தாலோ உறையில் செலவழிப்பது வீண். ஒடிந்த நாக்கைப் பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டித் தருவார்கள். முழு எடையும் அதிர்வும் வாங்கும் இடம் என்பதால் அதை நம்பக் கூடாது. கம்பெனி சீட் விலை அதிகம். பொருத்தம் சரியாக இருக்கும். மற்ற நிறுவனங்களின் சீட்டை வாங்குவதாக இருந்தால் வண்டியைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். விபத்தில் அடிபட்ட வண்டிகளிலிருந்து எடுத்த பழைய சீட்டும் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும். உறை கிழிந்து தட்டும் ஃபோமும் நன்றாக உள்ளதை வாங்கி உறை மாற்றுவது, பல நேரம் புது சீட்டைவிட மலிவாக முடியும். சில பழைய மாடல்களுக்கு அது ஒன்றே வழி.

மாட்டியபின்

முன்நாக்கு உள்ளே நுழைந்து, பின்பூட்டு 'டக்' என்று விழ வேண்டும். பிறகு சீட்டின் பின்முனையை மேல்நோக்கி நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். உறையின் கனம் கூடியதால் பூட்டு அரைகுறையாக மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கும்; அப்படிப் பூட்டிய சீட் ஓடும்போது கழன்றால் விழுவது நிச்சயம். சீட்டின் அடியில் வயரோ பேட்டரி முனையோ நசுங்கவில்லை என்பதையும், தகரத் தட்டில் ரிவெட் அடித்திருந்தால் அதன் முனை எதையும் தொடவில்லை என்பதையும் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ்கள் விட்டுப்போயிருந்தால் தட்டு சட்டத்தில் உரசி, ஓயாமல் கிறீச்சிடும்.

புது உறைக்கு வேண்டிய பராமரிப்பு குறைவு: நிழலில் நிறுத்துவது, வழிந்த பெட்ரோலை உடனே துடைப்பது, மாதம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுவது. சர்வீஸ் நிலையங்களில் டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கும் சிலிக்கான் பாலிஷைச் சீட்டில் அடிக்க விடக் கூடாது. சீட் பளபளக்கும், பிரேக் போட்டதும் பின்னால் இருப்பவர் முன்னால் வழுக்கி வந்து ஓட்டுபவரின் முதுகில் மோதுவார்.